மாமாவின் பல்லும் பூண்டின் பல்லும்

இரவு ஒன்றே முக்கால் மணி இருக்கும். அத்தை வந்து அறைக்கதவைத் தட்டி, "யம்மா, செத்த எந்திரிச்சு வாயேன், அவியளுக்கு ரத்தம் நிக்கவே மாட்டேங்கு" என்றார். போய்ப் பார்த்தால் மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அன்று மதியம்தான் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தோம், சாயங்காலம் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஐஸ்கிரீம்கூடச் சாப்பிட்டார்.

பல் டாக்டர் நல்ல பெண், இந்த நேரத்திலும் போனை எடுத்தார். புதுத் துணிப்பட்டை ஒன்றை நாலாக மடித்து, நனைத்துப் பிழிந்து, பல் இருந்த குழிமேல் வைத்து அரை மணி நேரம் இறுகக் கடிக்கச் சொல்லுங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, துப்பக் கூடாது, வாய் கொப்பளிக்கக் கூடாது, அதிகமானால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள் என்றார். மாமா துப்பாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டே, "முழுங்குங்க, சும்மா முழுங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று தடவை பட்டை மாற்றினோம். நாலு மணிவாக்கில் சிவப்பு மங்கி, எச்சில் வெறும் இளஞ்சிவப்பாக வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. எங்கள் மும்பை செம்பூர் தெருவில் பால் வண்டி போகும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

காலையில் போனதும் டாக்டர் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, இன்னொரு தையலும் போட்டுவிட்டு, நிதானமாக உட்கார்ந்து கேட்டார்: "அங்கிள், வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" மாமாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பதினொரு மாதம். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் தினம் சாப்பிடுகிறார், கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. இதெல்லாம் அந்த டாக்டருக்கு முன்பே தெரியும், இதய டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் பல்லில் கையே வைத்தார். மாமா அதையே மறுபடி ஒப்பித்தார். "ஆயுர்வேதம், ஹோமியோபதி, கஷாயம், பவுடர், ஏதாச்சும்?" என்று டாக்டர் விடாமல் கேட்டார். மாமா மேலே சுழலும் ஃபேனைப் பார்த்தார். அத்தைதான் வாயைத் திறந்தார், "அந்தப் பூடு மாத்திரையச் சொல்லுங்களேன்."

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது என்ன மருந்தா? வெறும் பூடு. கறிக்குப் போடுறது."

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். 'வெறும் பூடு' என்று நினைத்ததால்தான் எட்டு மாதமாக அவர் சாப்பிட்டு வந்தது யாருக்கும் தெரியவில்லை. எங்களிடம் மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. மருந்து என்றால் சொல்லியிருப்பார், அது மருந்து இல்லை, அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான் அவர் கணக்கு. ஆனால் அதே மனிதரிடம் எதற்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "கொலஸ்ட்ராலுக்கு" என்பார்! பக்க விளைவு என்று வந்தால் அது சாப்பாடு, பலன் என்று வந்தால் அது மருந்து.

வீட்டுக்கு வந்து நான் நடத்திய விசாரணையில் தெரிந்தது இது. காலை நடைக்குப் போகும் பூங்காவில் ஒரு கோஷ்டி உண்டு, தமிழ், மராத்தி, குஜராத்தி என்று எல்லாரும் கலந்த பெருசுகள் கோஷ்டி, அங்கே பேசாத வைத்தியம் கிடையாது. அங்கே யாரோ சொல்லி ஒரு டப்பா வாங்கியிருக்கிறார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. அது போதாதென்று வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு இரண்டு பல், தேனில் போட்டு. அதுவும் போதாதென்று, பல் வலிக்க ஆரம்பித்த வாரத்தில் ஒரு பல்லை நசுக்கி ஈறில் அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். ஈறு வெந்து வெள்ளையாகத் தோல் உரிந்ததை, பல்லில் சீழ் பிடித்ததால் வந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பச்சைப் பூண்டு தோலைச் சுடும், நிஜமாகவே கொப்புளம் வரும் அளவுக்குச் சுடும். கால் ஆணிக்கு, பருவுக்கு, பூஞ்சைக்கு என்று நசுக்கிக் கட்டிக்கொண்டு தீக்காயத்தோடு டாக்டரிடம் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளின் தோலில் வைக்கவே கூடாது.

பல்லுக்குப் பல் வைத்தியம் என்று மாமாவைக் கிண்டல் செய்தேன். சிரிக்கவில்லை.

ரத்தம் நிற்காததற்குப் பூண்டுதான் காரணமா? அதை நேராகவே டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டு மாத்திரை ஏற்கெனவே ரத்தம் உறையறதைத் தடுக்குது, அதுவே போதும். ஆனா மூணாவதா ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா அதை நிறுத்தச் சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போட்டிருப்பேன்." பூண்டைக் கூண்டில் ஏற்றவும் இல்லை, விடுதலை செய்யவும் இல்லை.

காயம் பட்டதும் முதலில் ஓடி வருபவை ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் ஓட்டையை அடைக்கும். ஆஸ்பிரின் அந்த ஒட்டும் குணத்தை ஒரு வழியில் கெடுக்கிறது, க்ளோபிடோக்ரெல் இன்னொரு வழியில் கெடுக்கிறது. ஸ்டென்டுக்குள் ரத்தக்கட்டி உண்டாகாமல் இருக்க அது வேண்டும், தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். பூண்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்களும் இதே வேலையைக் கொஞ்சம் செய்கின்றன, அவற்றில் ஒன்றுக்கு அஜோயீன் என்று பெயர், ஸ்பானிய மொழியில் பூண்டை 'ஆஹோ' என்பார்களாம், அதிலிருந்து வைத்தது. 1990-ல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு இந்த விஷயத்தில் திரும்பத் திரும்பப் பேசப்படும். 87 வயதுப் பெரியவர் ஒருவர், இதயத்துக்கு நல்லது என்று தினம் சுமார் நாலு பல் சாப்பிட்டு வந்தவர், எந்த அடியும் படாமலே முதுகுத்தண்டை ஒட்டி ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டது. ஒரே ஒருவர் கதை, அதை வைத்து ஊரைப் பயமுறுத்தக் கூடாது, ஆனால் 2001-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அறுவை சிகிச்சைக்கு முன் நிறுத்த வேண்டிய மூலிகைகளைப் பட்டியல் போட்டவர்கள், பூண்டைக் குறைந்தது 7 நாளுக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். சில தட்டணுக்கள் கெட்டால் கெட்டதுதான், புதுசு உற்பத்தியாகி வரும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த ஒரு வாரக் கணக்கு.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசெனோகூமரால் சாப்பிடுகிறவர்கள், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு மாதா மாதம் போகிறவர்கள், இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குழம்பில் போடும் பூண்டுக்காக யாரும் பயப்பட வேண்டாம். இன்று ஒன்றுமில்லாமல் நாளையிலிருந்து திடீரென்று தினம் இரண்டு மாத்திரை என்று ஆரம்பித்தால்தான் சிக்கல்.

சரி, இவ்வளவு திட்டிய பிறகு அதன் நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் அம்மாவே என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்.

ஒரு பூண்டுப் பல்லை எடுத்து உரித்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். பெரிதாக வாசனை இருக்காது. அதை இடிகல்லில் போட்டு ஒரே ஒரு தட்டுத் தட்டுங்கள், அடுத்த நொடி வீடெல்லாம் நெடி. தட்டும்வரை எங்கே இருந்தது அது? எங்குமே இல்லை, அந்தத் தட்டில்தான் பிறந்தது. பூண்டுக்குள் அல்லியின் என்று ஒரு பொருள் ஒரு அறையில் இருக்கிறது, அல்லினேஸ் என்ற நொதி பக்கத்து அறையில் இருக்கிறது, நடுவில் சுவர். நசுக்கினால் சுவர் உடைந்து இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. கடிக்க வரும் புழு பூச்சிக்காகச் செடி வைத்திருக்கும் வெடிகுண்டு அது. 1944-ல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்ற இருவர் அதைத் தனியே பிரித்தெடுத்து, பாக்டீரியாக்களைக் கொல்லும் என்று காட்டினார்கள்.

இப்போது இதை வைத்து நம் சமையலை யோசியுங்கள். முழுப் பூண்டை அப்படியே கொதிக்கும் குழம்பில் போட்டால் நொதி சூட்டில் செத்துவிடும், அறை உடைவதற்கு முன்பே ஆள் காலி. மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தாலே நொதி போய்விடுகிறது. நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் சூடாக்கினால் பலன் கொஞ்சமாவது மிஞ்சுகிறது என்று 2001-ல் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று சொல்லியது. இதை மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மாத்திரை டப்பாக்களின் விஷயமும் இங்கேதான் சிக்குகிறது. வயிற்று அமிலத்திலும் அந்த நொதி செத்துப்போகும். அதனால் பூண்டுத் தூள் மாத்திரைக்குக் குடலில் போய்க் கரையும் மேல்பூச்சு இருந்தால்தான் அல்லிசின் உருவாக வாய்ப்பு. எண்ணெய் அடைத்த காப்ஸ்யூலில் இருப்பது வேறு சரக்கு, பூண்டைக் காய்ச்சி வடித்த எண்ணெயோ, தாவர எண்ணெயில் ஊறப்போட்டு எடுத்ததோ. மாதக்கணக்கில் ஊற வைத்த பழைய பூண்டுச் சாறு என்று ஒன்று வருகிறது, அதில் அல்லிசினே இருக்காது, வேறு சேர்மங்கள் இருக்கும். நாலுக்கும் அட்டையில் ஒரே பூண்டுப் படம்தான். 'வாசனை இல்லாதது' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், எனக்கு அதைப் படித்தாலே சந்தேகம் வரும், காரமில்லாத மிளகாய்ப் பொடி என்று விற்கிற மாதிரி.

மாமாவின் டப்பாவைக் கையில் எடுத்து முழுக்கப் படித்தேன். முன்பக்கம் இதயம் படம், ஒரு பெரிய எண். பின்பக்கம், என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவு எழுத்தில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஊட்டச்சத்துத் துணைப் பொருள் என்று விற்கும் எல்லாவற்றிலும் அதைப் போட்டாக வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்து என்று உரிமம் வாங்கியவை தனி, அவை மருந்துச் சட்டத்துக்குள் வரும். ஆக, மாமா சொன்னது சட்டப்படி சரிதான், அது மருந்து இல்லை. டப்பாவும் அதையேதான் சொல்கிறது. முன்பக்கத்துப் படம் மட்டும்தான் வேறு சொல்கிறது.

கொலஸ்ட்ராலுக்கு வருவோம், ஏனென்றால் இதில்தான் மாமாவோடு எனக்குப் பெரிய சண்டை. 2007-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வெளியானது. கெட்ட கொழுப்பு ஓரளவு கூடுதலாக இருந்த 192 பேரை நாலு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பச்சைப் பூண்டு, ஒரு குழுவுக்குத் தூள் மாத்திரை, ஒரு குழுவுக்குப் பழைய பூண்டுச் சாறு மாத்திரை, கடைசிக் குழுவுக்கு ஒன்றுமில்லாத போலி. வாரத்துக்கு ஆறு நாள், ஆறு மாதம். பச்சைப் பூண்டை எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா, சாண்ட்விச்சில் வைத்து. பாவம், அவர்கள் வீட்டில் இருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். முடிவில் எந்தக் குழுவிலும் கெட்ட கொழுப்பு குறையவில்லை. வேறு சில ஆய்வுகளில் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் ஸ்டென்ட் வைத்த ஒரு மனிதர் நம்பி உட்காரும் அளவுக்கு இல்லை.

சண்டை எதற்கென்றால், ரத்தம் வந்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. டப்பாவைத் தேடும்போது மாத்திரைப் பெட்டியில் பார்த்தேன், கொழுப்பு மாத்திரைகள் எல்லாம் பாதி பாதியாக உடைத்து வைக்கப்பட்டிருந்தன. பூண்டுதான் சாப்பிடுகிறோமே, இங்கிலீஷ் மருந்தைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார், கத்தியால் நடுவில் சரியாக வெட்டி, ஒரு சின்ன வெற்றிலைப் பாக்கு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அந்தப் பாதி மாத்திரைகளைப் பார்த்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. ஒரு பல் குழியிலிருந்து வரும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும், விடிவதற்குள் நிறுத்திவிடலாம். இது தெரியாது.

ரத்த அழுத்தத்தில் மட்டும் பூண்டுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. 2008-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, ஏற்கெனவே அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 8 புள்ளி குறைந்திருந்தது. சாதாரணமாக இருந்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில மாதமே நடந்தவை. ஆனாலும் 8 என்பது கேலி செய்யும் எண் இல்லை. அதனால்தான், ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் மேலே பூண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சளிக்கு? 146 பேரை வைத்து ஒரு ஆய்வு, 12 வாரம். பூண்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மொத்தம் 24 தடவை சளி, போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 65 தடவை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே ஆய்வு, சளி பிடித்ததை அவரவரே குறித்துக்கொண்டது. 2020-ல் ஊரே அடைத்துக் கிடந்தபோது, தாராவியில் இருக்கும் எங்கள் சித்தி வீட்டிலிருந்து தினம் ஒரு வாட்ஸ்அப் வரும், பூண்டை வேகவைத்துக் குடித்தால் கொரோனா ஓடிவிடும் என்று. பூண்டு நல்ல உணவுதான், ஆனால் கொரோனாவைத் தடுத்ததற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டி வந்தது. சித்தி அந்த அறிவிப்பையும் எனக்கு அனுப்பினார், மறுநாள் மறுபடி கஷாயத்தையும் அனுப்பினார்.

இதில் ஆங்கில மருத்துவம், நாட்டு மருத்துவம் என்று கட்சி கட்டுவதில் எனக்கு விருப்பம் இல்லை. 1890-ல் மத்திய ஆசியாவில், கூச்சா என்ற ஊரில், பவர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி கையில் ஒரு பழைய பூர்ஜ மரப்பட்டைச் சுவடி கிடைத்தது, இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. சமஸ்கிருத மருத்துவச் சுவடி. அது ஆரம்பிப்பதே பூண்டின் பெருமையோடுதான். அசுரன் ஒருவனின் கழுத்தை விஷ்ணு வெட்டியபோது தரையில் சிந்திய ரத்தத்திலிருந்து முளைத்தது, அதனால் பிராமணர்கள் சாப்பிடுவதில்லை என்று கதையும் அதிலேயே வருகிறது. எங்கள் மாடியில் இருக்கும் ஜெயின் குடும்பம் மண்ணுக்கு அடியில் விளைவதால் சாப்பிடாது, இங்கே பாவ் பாஜி கடையில் போய் 'ஜெயின்' என்று ஒரே வார்த்தை சொன்னால் பூண்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றும் இல்லாமல் வந்துவிடும். எதிர் வீட்டு மராத்தி அம்மா ஆஷாட ஏகாதசிக்கு இரண்டு நாள் முன்பு காந்தே நவமி என்று வெங்காயமும் பூண்டும் போட்டு விதவிதமாகச் சமைத்துத் தீர்த்துவிடுவார், அதன்பின் சாதுர்மாசம் நாலு மாதம் தொட மாட்டார். ஆக, இதை வெறும் காய்கறியாக யாரும் எந்தக் காலத்திலும் பார்த்ததில்லை. சக்தி உள்ள பொருள் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, சக்தி உள்ளதை விலக்கி வைக்க நாள் கிழமையும் வைத்திருக்கிறார்கள். நாம்தான் டப்பாவில் அடைத்ததும் அதற்குச் சக்தியும் உண்டு, கெடுதலும் இல்லை என்று நம்ப ஆரம்பித்துவிட்டோம்.

என் பிரசவத்துக்கு அம்மா திருநெல்வேலியிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது கொண்டுவந்த பையில் துணியைவிடப் பூண்டு அதிகம். பாலில் வேகவைத்த பூண்டு, நல்லெண்ணெய் மிதக்கும் பூண்டுக் குழம்பு, கருப்பட்டி போட்ட லேகியம். நாற்பது நாள் என் வியர்வையே பூண்டாக நாறியது. பால் ஊறும் என்றார். 1991-ல் அமெரிக்காவில் மெனெல்லா, பூஷாம்ப் என்ற இருவர் செய்த ஆய்வைப் பற்றிப் படித்தபோது அந்த நாட்கள்தான் ஞாபகம் வந்தன. பாலூட்டும் தாய்மார்களுக்குப் பூண்டு காப்ஸ்யூல் கொடுத்தார்கள், இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் பாலில் வாசனை உச்சத்தில் இருந்தது, குழந்தைகள் முகம் சுளிக்காமல் வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் இருந்தன. பால் கூடியதாக அதில் நிரூபணம் இல்லை. ஆனால் என் மகன் மூன்று வயதிலேயே பூண்டுக் குழம்பு கேட்டு அழுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் பாட்டிகளை விழுந்து கும்பிட வேண்டும். இப்போது உரித்த பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. செய்யாதீர்கள். மண்ணிலிருந்து வரும் பூண்டில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் ஒட்டியிருக்கலாம், காற்று போகாத, புளிப்பில்லாத எண்ணெய்க்குள் அவை முளைத்து நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும், வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் எண்ணெயில் ஊறிய பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். நம் பூண்டு ஊறுகாயிலும் எண்ணெய் மிதக்கிறதே என்றால், அதில் புளியையோ எலுமிச்சையையோ பிழிந்து, உப்பை அள்ளிப் போட்டு, அடுப்பில் சுண்டவும் வைக்கிறோம். புளிப்பு இருக்கும் இடத்தில் அந்தக் கிருமி முளைக்காது. பாட்டிக்குக் கிருமியின் பெயர் தெரியாது, புளி எவ்வளவு என்று தெரியும்.

இன்னும் சில, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு நெஞ்செரிச்சல், வயிற்றுப்போக்கு தரும், அல்சர் உள்ளவர்கள் வீரம் காட்ட வேண்டாம். காதுவலிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயை விடுவது நம் பக்கம் வழக்கம், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேராக உள்ளே போகும், ஆகையால் விடக் கூடாது. எச்.ஐ.வி.க்கு முன்பு கொடுத்த சாக்வினாவிர் என்ற மருந்தின் அளவு, பூண்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் பாதியாகக் குறைந்தது என்று 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த மருந்தை இப்போது அதிகம் கொடுப்பதில்லை, ஆனால் எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் பூண்டு மாத்திரையைத் தொடக் கூடாது. வீட்டில் நாய், பூனை இருந்தால் பூண்டு அவற்றுக்கு விஷம். சிவப்பணுக்கள் உடைந்துபோகும்.

எவ்வளவு சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைத் தொகுப்பில் பச்சைப் பூண்டு நாளுக்கு 2 முதல் 5 கிராம் என்று இருக்கிறது. வடுகபட்டிச் சந்தைப் பூண்டில் ஓரிரு பல். 2024-ல் கிலோ 400 ரூபாய்க்குப் போனபோது இயற்கையே எங்கள் வீட்டில் அளவைக் கட்டுப்படுத்தியது, அது வேறு விஷயம். இந்த ஊரில் ஒரு வடா பாவில் தூவும் அந்தச் சிவப்பு லசூண் சட்னியில், அதாவது பூண்டுச் சட்னியில், எவ்வளவு இருக்கும் என்று ஒருநாள் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் இதய டாக்டரிடம் போகும்போது மாமாவின் துணிப்பையில் நானே எல்லாவற்றையும் போட்டேன், மாத்திரைச் சீட்டுகள், பூண்டு டப்பா, வெட்டின பாதிகள் இருந்த பாக்கு டப்பா உட்பட. டாக்டர் பூண்டு டப்பாவை ஒரு புரட்டுப் புரட்டி ஓரமாக வைத்துவிட்டு, பாக்கு டப்பாவைத்தான் நெடுநேரம் பார்த்தார். அப்புறம் மாமாவை அன்பாகவே பிடி பிடியென்று பிடித்தார். எல்லாம் முடிந்து எழும்போது மாமா கதவருகே நின்று, "டாக்டர், ரசத்துல போடலாமா?" என்று கேட்டார். "ரசத்துல போடாம எப்படி அங்கிள் ரசம்?"

இப்போது எங்கள் வீட்டில் ரசத்துக்குப் பூண்டு தட்டுவது மாமாவின் வேலை. மூன்று பல், தோலோடு, இடிகல்லில் ஒரே தட்டு. தட்டிவிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுப்பு மேடையருகே நின்றுவிடுகிறார், பத்து நிமிடம் ஆகாமல் யாரும் தொடக் கூடாது. நேற்றும் அப்படித்தான் நின்றார். ரசம் நுரை கட்டிக்கொண்டு வந்தது, கரண்டியில் நெய் புகைய ஆரம்பித்தது, "இங்க தாங்க, தாளிக்கணும்" என்று அத்தை கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

"பொறு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றார் மாமா.